சிலிண்டருக்கும் அடுப்புக்கும் பொருத்தம்

எங்கள் குளத்தூர்ப் பக்கம் டூர் கிளம்புகிறோம் என்றால், வேனைப் பேசுவதற்கு முன்னால் சமையல் மாஸ்டரைப் பேசிவிடுவார்கள். மே மாதம் கொடைக்கானல் போனபோது சித்தப்பா வேனில் அரிசி மூட்டை, அண்டா, ஜமுக்காளம் எல்லாம் ஏற்றிவிட்டு, வீட்டுச் சிவப்புச் சிலிண்டரையும் தூக்கிவந்தார். அந்த 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான் என்பது சட்டம். "வீட்டு ஆளுங்களுக்குத்தானே சமைக்கிறோம்?" என்றார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுஷன்.

வத்தலக்குண்டு தாண்டி ஒரு மாந்தோப்பில் இறங்கினோம். வேனுக்குள் அடுப்பு கூடவே கூடாது என்று மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேயே தங்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் திருட்டுத்தனமாக ஏற்றிய சிலிண்டரால் 9 பேர் இறந்தார்கள். இந்த விஷயத்தில் சித்தப்பாவும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை.

மாஸ்டர் கொண்டுவந்தது கல்யாண வீட்டு ஹைப்ரஷர் அடுப்பு. அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சித்தப்பாவே சிலிண்டரில் வீட்டு ரெகுலேட்டரை வைத்து டியூபைச் செருகிவிட்டார். டியூப் கச்சிதமாகச் சேர்ந்தது. ஜாதகத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை. நீலமாக ஒரு தீ எட்டிப்பார்த்தது. அதன்மேல் அண்டாவை வைத்து அரை மணி நேரம் சுற்றி நின்றோம். தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்த சித்தி, "குளிக்கலாம்" என்றார்.

ஆளாளுக்கு வைத்தியம். டிரைவர் சிலிண்டரை உலுக்கினார். மச்சான் பர்னரில் ஊசி விட்டார். ஒரு பெரியவர் சிலிண்டரைப் படுக்கவைக்கச் சொன்னார். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபில் இறங்கும், அப்புறம் மாந்தோப்பு மிஞ்சாது.

கோளாறு எதிலும் இல்லை. வெயில் காலத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டும். வீட்டு ரெகுலேட்டர் அதை வெறும் 30 கிராமுக்கு இறக்கிவிடும். வீட்டு அடுப்புக்கு அது போதும். கல்யாண அடுப்பின் ஜெட்டோ, பாய்ந்து வரும் கேஸுக்கென்று துளைத்தது. அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் வைத்து ஓட்டுகிறார்களே, ஆர்வி என்று, அவர்களும் இதே பாடுதான் படுகிறார்கள். வண்டிக் குழாயில் கேஸ் 11 அங்குலத் தண்ணீர் அழுத்தத்துக்கு இறங்கித்தான் வரும். ஏறக்குறைய நம் வீட்டு அளவு. அந்தக் குழாயில் மாட்டுகிற, கையோடு கொண்டுபோகிற கிரில் அடுப்பிலும் தனியாக ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கும். இறக்கியதை அது இன்னும் இறக்கும். அவர்கள் கோழி வேகாது, நம் சாம்பார் கொதிக்காது.

மாஸ்டர் எழுந்துவந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து திருகு வைத்த ஹைப்ரஷர் ரெகுலேட்டரை எடுத்து மாற்றினார், மூட்டில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், பற்றவைத்தார். அடுப்பு உறுமியது. கால் மணி நேரத்தில் உலை கொதித்தது.

சித்தப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. டீ போடக் கொண்டுவந்திருந்த வீட்டு அடுப்பைக் காட்டி, "மாஸ்டர், அதே ரெகுலேட்டரை இதுலயும் மாட்டுங்க, டீ நிமிஷத்துல ரெடியாயிடும்" என்றார்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "மாட்டலாம்ண்ணே. மீசையை எடுத்துட்டு வாங்க."

டீக்கடை எந்தப் பக்கம் என்று விசாரிக்க சித்தப்பா டிரைவரைத் தேடிப் போனார்.