நல்லியக்கோடன் தேரும் எங்கள் ஊர் ஆசாரியும்

திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் முதலான ஊர்களைத் தன்னகத்தே கொண்ட ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன் என்னும் குறுநில மன்னன், தன்னை நாடி வந்த பாணனுக்கு உடை கொடுத்து, வயிறார விருந்தளித்து, கைதேர்ந்த தச்சர் செய்து முடித்த தேர் ஒன்றையும், இழுக்க எருதோடும் ஓட்டப் பாகனோடும் சேர்த்து, அன்றைக்கே கொடுத்தனுப்புவான் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. இதில் எனக்கு ஆச்சரியம் தருவது தேரன்று, 'அன்றைக்கே' என்பதுதான். ஏனெனில், அதே சீமையில், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலே ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்த நான், மூன்று சக்கரமுள்ள ஒரு நடைவண்டிக்காக எங்கள் ஊர் ஆசாரியிடம் விண்ணப்பித்துவிட்டு, தை போய், மாசி போய், பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் ஓடிய தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகும் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தவன்.

ஆசாரியின் பட்டறை ஊர்க்கோடியில் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. வாச்சி, உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, துறப்பணம் ஆகிய அவருடைய ஆயுதங்கள் கோணிமேல் வரிசையாகப் பரப்பப்பட்டிருக்க, ஏருக்கு மேழி, வண்டிக்கு நுகத்தடி, கலியாண வீட்டுக்கு மணை என்று ஊரின் சகல காரியங்களும் அவர் கையை எதிர்பார்த்து நின்றமையால், எங்களைப் போன்ற அரைக்கால்சட்டை மனுதாரர்களின் முறை வருவது துர்லபமாயிருந்தது. கூலி கொடுக்க எங்களிடம் காசு கிடையாது. மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் பச்சை மல்லாட்டையைப் பை நிறையக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்பதே நாங்கள் கைக்கொண்ட ராஜதந்திரம். (டி.எம்.வி. என்ற பெயரில் நிலக்கடலை ரகங்களை நாட்டுக்கு அளித்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார், தங்கள் மல்லாட்டை இவ்விதம் செலாவணியாகவும் புழங்கியதை அறிந்திருக்க நியாயமில்லை.) ஆசாரியும் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் உரித்துத் தின்றுவிட்டு, "மரம் இன்னும் பச்சையா இருக்குது தம்பி. இப்ப செஞ்சா விரிசல் வுட்டுடும். காயட்டும், பாக்கலாம்" என்பார்.

ஒரு மரம் காய எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற சந்தேகம் எனக்கு வெகுநாள் இருந்தது. பிற்காலத்தில் திருவக்கரைக்குப் போயிருந்தபோது அது தீர்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் 1940-ஆம் ஆண்டில் அங்கே அமைத்த தேசியக் கல்மரப் பூங்காவில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மண்ணில் புதையுண்ட பெருமரங்கள், மரப்பொருள் இருந்த இடத்திலெல்லாம் சிலிக்கா புகுந்து, கணுவும் ரேகையும் மாறாமல் கல்லாய்ச் சமைந்து கிடந்ததைக் கண்டதும், எங்கள் ஆசாரி எதிர்பார்த்த பதம் இதுவேதான் என்று தெளிந்தேன்.

வண்டி கடைசியில் கிடைத்தது; ஆனால் அது என் விண்ணப்பத்தின் பலத்தாலன்று. பெரியவர்களின் வண்டியில் ஏதாவது முறிந்தாலொழியச் சிறியவர்களின் வண்டி பிறப்பதில்லை என்பது எங்கள் ஊர்ப் பொருளாதார விதி. அவ்வருஷம் எங்கள் வீட்டு மாட்டுவண்டிச் சக்கரத்தில் வட்டை ஒன்று உடைந்துபோக, அதற்கென்று அப்பா வெட்டிக் கொடுத்த பூவரசில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு ஆசாரி ஒரு மத்தியானப் பொழுதில் காரியத்தை முடித்துவிட்டார். மனு என்னவோ என் தங்கை நடை பழகுவதற்கென்று போடப்பட்டது. வண்டி வந்து சேர்வதற்குள் அவள் நடக்கக் கற்று, ஓடக் கற்று, துரத்திப் பிடித்து என்னை அடிக்கவும் கற்றுவிட்டபடியால், வண்டியின் பாத்தியதை எனக்கே வந்தது.

அதன் லட்சணங்களைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். மூன்று சக்கரமும் மூன்று அளவு. அவை வட்டமானவை என்பதைவிட, வட்டமாயிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் உடையவை என்பது பொருந்தும். வண்டிக்கு இடப்பக்கமாகச் சாயும் சுபாவம் இருந்தமையால், தெருவில் நேராகப் போக விரும்பியவன் வலப்பக்கத்துத் திண்ணையை இலக்காக வைத்துப் புறப்பட வேண்டும். அதன் அச்சு எழுப்பிய கிறீச்சொலியோ ஊரின் மறுகோடிக்கும் கேட்கும். அச்சுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லி அப்பா கர்ஜித்தபோது, ஆயாதான் குறுக்கே வந்து, "சத்தம் கெடக்கட்டும்டா, புள்ள எந்தத் தெருவுல இருக்குறான்னு இருந்த எடத்துலயே தெரியுது" என்று தீர்ப்பளித்தாள்.

இவ்வண்டியின் குலம் மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு இதன்மேல் அபாரமான பிரியம் இருந்திருக்க வேண்டும். பாடிய இரண்டு நெடும்பாட்டுகளிலும் மறவாமல் ஒன்றை உருட்டிவிட்டிருக்கிறார். பட்டினப்பாலையில், காயவைத்த தானியத்தைத் தின்ன வந்த கோழியின்மேல் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்மணி கழற்றி எறிந்த கனத்த காதணி, சிறுவர் உருட்டிவரும் மூன்று கால் தேரை வழிமறிக்கிறது. எங்கள் தெருவில் என் வண்டியை வழிமறித்தவை சாணியும், எழுந்திருக்க மனமில்லாத ஒரு நாயுமே. ஆபரணம் எதுவும் குறுக்கிட்டதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் வண்டியோ, உழவர் வீட்டுப் பிள்ளைகள் உருட்டி விளையாட, தச்சர் வீட்டுப் பிள்ளைகள் பார்த்து ஆசைப்படும்படி செய்யப்பட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் தச்சன் தன் பிள்ளைக்குச் செய்து கொடுக்கவில்லை போலும்! எங்கள் ஆசாரியின் பேரனிடமும் வண்டி கிடையாது. கேட்டால், அவனுக்கும் மரம் பச்சையாகத்தான் இருந்தது.

ஆசாரியின் தயவை எதிர்பாராமல் நாங்களே சிருஷ்டித்தவையும் உண்டு. மயிலம் திருவிழாக் கடைகளில் அரக்குப் பூசிய கடைசல் பம்பரம் காசுக்குக் கிடைக்கும். நாங்களோ கொய்யாக் கிளையைக் கத்தியால் செதுக்கி, மாட்டுக்கு லாடம் அடிப்பவரிடம் இரந்து பெற்ற ஆணியை அடியில் அறைந்து, அதைப் பம்பரம் என்று நாமகரணம் செய்வோம். சாட்டையை விட்டதும் அது சுழலுவதற்குப் பதிலாகக் கோழியைப்போல் மண்ணைக் கொத்திக்கொண்டு தெரு முழுதும் திரியும். ஆனால் ஆக்கர் என்னும் பம்பர ஆட்டத்தில் தோற்று வட்டத்துக்குள் வைக்கப்பட்டு, மற்றவர்களின் ஆணிக் குத்துக்கு ஆளாகிப் பிளந்துபோனால், அரக்குப் பம்பரக்காரன் அழுவான். எங்களுக்குக் கொய்யாமரத்தில் இன்னும் கிளை இருக்கும். கிட்டிப்புள்ளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதனால் மண்டையில் தழும்பு பெறாத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை என்பது போதும். நுங்கு வண்டியைச் சேர்க்கலாமா என்றால், வெளிப்புறத்தில் வைரம் உடையதைப் புல் என்றும், உட்புறத்தில் வைரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்திருப்பதால், பனையில் விளைந்த அவ்வண்டி மரப்பொம்மைகளின் பந்தியில் உட்காரத் தகுதியற்றது. அதை நாங்கள் அறியாமல் ஓட்டினோம்.

ரயில் விளையாட்டுக்கு ஆதாரம் விழுப்புரம் ஜங்ஷன். அது மீட்டர் பாதைக் காலம். சென்னையிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்து வந்த ரயிலை விழுப்புரத்தில் நிறுத்தி, அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, கரி எஞ்சினோ டீசல் எஞ்சினோ பூட்டி, விருத்தாசலம் வழியாகவோ மாயவரம் வழியாகவோ தெற்கே அனுப்புவார்கள். கட்டைத் துண்டுகளைக் கயிற்றால் கோத்து இழுத்த எங்கள் ரயிலுக்கும் வாய்க்கால் மதகருகே எஞ்சின் மாற்றும் வைபவம் தவறாமல் நடந்தது. தகராறும் தவறாமல் நடந்தது. காரணம், புகையும் கூவலும் இல்லாத மின்சார எஞ்சினாக இருக்க எவனும் சம்மதிப்பதில்லை. ஆகவே எங்கள் விளையாட்டில் சென்னையிலிருந்து அநேகமாக எல்லா ரயில்களும் கரி எஞ்சினிலேயே வந்தன.

இப்பொழுது பட்டணத்துக் கடைகளில் மரப்பொம்மைகளுக்கு மறுபடியும் யோகம் அடித்திருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகி, கூர்முனை உண்டா, வர்ணத்தில் நஞ்சு உண்டா, குழந்தை விழுங்கக்கூடிய பாகம் உண்டா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. குழந்தைகள் வர்ணத்தை நக்கும் என்பது வாஸ்தவமாகையால் சட்டம் சரியானதே. என் நடைவண்டி அச்சோதனைக்குப் போயிருந்தால், சோதிக்க வந்தவர் உள்ளங்கையில் சிராய் ஏறித் திரும்பியிருப்பார் என்பதிலும் சந்தேகமில்லை.

எனக்குச் சம்மதமில்லாதது அட்டைப்பெட்டியின்மேல் அச்சிடும் வாசகந்தான். இந்த வண்டி பொறுமையை வளர்க்கும், அந்தக் கட்டை கற்பனையை வளர்க்கும், மூன்று வயதுக்கு இது, ஐந்து வயதுக்கு அது என்கிறார்கள். எங்கள் கோஷ்டியில் பொறுமை வளர்ந்ததற்கு யாதொரு சாட்சியமும் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் ஆசாரி தீர்த்துவிட்டார். அந்தக் கட்டைகளின் தலையாய சிறப்பு, அவற்றால் எங்களுக்கு என்ன விளையும் என்று எந்தப் பெரியவரும் யோசிக்கவில்லை என்பதே. மிச்சமான மரம், மிச்சமான பொழுது. இரண்டையும் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஆகையால், வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய நடைவண்டி ஒன்று கிடந்தால், அதற்கு வார்னீஷ் பூசிக் கூடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டாம். வெந்நீர் அடுப்புக்கும் அனுப்ப வேண்டாம். ஆணி எங்கேனும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையில் கொடுத்து, அதனால் உண்டாகும் நன்மைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள்.