பேஸ் ஆம்ப்ளிஃபயர் பழுதாய்வில் ஒழிபளவையின் இடம்

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அவ்வதிர்வைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர் வாயடைத்துப் போகுமிடத்து, பாட்டில் ஏதோ குறைகிறது என்று கேட்போர் முகஞ்சுளிப்பரேயன்றி, குறைந்தது எதுவென்று சொல்ல அவர்களால் இயலாது. மேடையில் இருப்போரோ உடனே ஐயப்படத் தொடங்குவர். அவர்கள் ஐயப்படும் வரிசை விலையின் இறங்குவரிசையாகவும், பழுதுகள் நேரும் வரிசை விலையின் ஏறுவரிசையாகவும் அமைந்துள்ளன என்பதே இவ்வாய்வின் துணிபு. ஒரு முழ கேபிளைக் குற்றம் சாட்டுவதில் கௌரவம் ஏதுமில்லை என்பது இதற்குக் காரணமாகலாம்.

பழுது பார்ப்போர் தட்டுவோர், திருகுவோர், திறப்போர் என மூவகைப்படுவர். இவர்களுள் தட்டுவோர் கற்றோரால் இகழப்படுவது நியாயமன்று. பெட்டியின் தலையில் ஒன்று வைத்ததும் ஒலி மீளுமாயின், உள்ளே எங்கோ பற்றவைப்பு விண்டிருக்கிறது அல்லது ஜாக் தளர்ந்திருக்கிறது என்பது உறுதியாவதால், தட்டல் சிகிச்சை ஆகாவிடினும் நோயறிதலில் சேரும். திருகுவோர் குமிழ்களைத் திருகும்போது கரகரவென்ற ஒலி எழுமாயின் வால்யூம் கன்ட்ரோலுக்குள் தூசி அடைந்திருப்பது புலப்படும். எழாவிடின், குமிழ்கள் முன்பு எந்நிலையில் இருந்தன என்பதை எவரும் அறியாதவாறு செய்ததே அவர்கள் பங்களிப்பாக எஞ்சும். திறப்போர் குறித்துச் சொல்ல வேண்டியது ஒன்றே: மின்னைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் வால்வு வகை ஆம்ப்ளிஃபயர்களில் பல நூறு வோல்ட்டை விடாது பிடித்திருக்கக்கூடுமாதலின், இவ்வகையினர் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதே நன்று.

சிவஞான சித்தியார் எண்ணும் அளவைகளுள் ஒழிபு என்பதும் ஒன்று. அல்லாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதைத் துணிவது அதன் இலக்கணம். அந்நூல் எழுந்த காலத்தில் மின்சாரம் இல்லையெனினும், பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கு இதைவிடப் பொருத்தமான அளவை வேறில்லை. முதலில் கேபிளை மாற்ற வேண்டும். அடுத்து, கிட்டாருக்குள் தனி மின்சுற்று உடைய வகையாயின் அதன் 9 வோல்ட் பேட்டரியைப் பார்க்க வேண்டும். கேபிளைச் செருகியே வைத்திருந்தால், வாசிக்காதபோதும் அது தீர்ந்துகொண்டிருக்கும். பின்னர் மியூட் பொத்தான், அமுங்கியிருக்கிறதா என்று. இவையெல்லாம் விலகியபின் ஆம்ப்ளிஃபயரின் முதுகுப்புறம் செல்லலாம். அங்கு சென்ட், ரிட்டர்ன் என்னும் இரு துளைகள் உண்டு. ஒலியை வெளியே அனுப்பித் திரும்பப் பெறுவதற்கானவை. அவற்றில் எதுவும் செருகப்படாதபோது உள்ளிருக்கும் சிறு உலோக நாக்கு வழியாகவே ஒலி கடக்கிறது. ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத அந்நாக்கு களிம்பேறி ஒலியை மறிக்கும். குட்டைக் கேபிள் ஒன்றை இரண்டுக்கும் இடையே செருகியதும் செத்ததாகக் கருதப்பட்ட ஆம்ப்ளிஃபயர் முழங்கத் தொடங்குவதுண்டு.

ஒலியின்மையைவிட நுட்பமானது வேண்டாத ஒலி. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது; அந்த 50 சுழற்சியே நேராகக் கேட்குமாயின், குற்றம் பெரும்பாலும் எர்த் இணைப்பிலோ கேபிளின் உறையிலோ இருக்கும். அதன் இருமடங்கான 100 கேட்குமாயின், மின்னை ஒருதிசையாக்கும் பகுதியில் உள்ள கெபாசிட்டர்கள் மூப்படைந்தன என ஐயுறலாம். பேஸ் கிட்டாரின் மெல்லிய தந்தி 98 முறை அதிரும் ஜி சுரமாதலின், அதனைவிடச் சற்று ஏறிய சுருதியில் ஆம்ப்ளிஃபயர் முனகினால், காது தேறியவர் மீட்டர் இன்றியே நோயைச் சொல்லிவிடலாம். 60 சுழற்சி வழங்கும் அமெரிக்காவில் இவ்வசதி இல்லை. அங்கு இரைச்சல் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நட்டநடுவே, எச்சுரத்திலும் சேராமல் அலைகிறது. ஜி சுருதிப் பாடல்களை மட்டும் வாசித்தால் இந்திய இரைச்சலைத் தம்பூராவெனச் சாதிக்கலாம் என்னும் வாதம் ஆராயத்தக்கது. பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கி இரைச்சலை ஒழிக்கும் வழக்கமோ கண்டிக்கத்தக்கது. ஆம்ப்ளிஃபயரில் மின்கசிவு நேர்ந்தால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கும் பாடகர் அதற்கு விலை கொடுப்பார்.

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்ற கூற்றையும் எளிதில் ஏற்கலாகாது. தாழ்சுரம் ஒன்றில் மட்டும் கடகடப்பு எழுந்தால், ஸ்நேர் டிரம்மின் அடியிலுள்ள கம்பிகளையும், பெட்டியின் மேல் யாரோ வைத்த சாவிக்கொத்தையும் முதலில் விசாரிக்க வேண்டும். ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடச்செய்தால் கூம்பு அசையும். அசைந்தால் அதன் காயில் அறுபடவில்லை.

இவ்வாறு ஒழிபளவை முற்றியபின் பெரும்பாலும் கேபிளே குற்றவாளியெனத் தெளியப்படும். ஆயினும் அது எறியப்படுவதில்லை. ஒழுங்காகச் சுற்றப்பட்டு, நல்ல கேபிள்கள் உள்ள அதே பையில் இடப்படுகிறது. அடுத்த கச்சேரியில் கீபோர்டுக்காரர் இரவல் கேட்கும்போது முதலில் கைக்கு வருவதும் அதுவே.