பழைய விலைப்பட்டியல்

கேள்வி: புத்தகக் கடைக்காரரின் பழைய விலைப்பட்டியலை நூலகத்தில் எதற்கு வைத்திருக்கிறார்கள்? எடைக்குப் போட்டுவிடலாமே?

பதில்: ஐயோ, போட்டுவிடாதீர்கள்! மளிகைப் பட்டியலுக்குச் சாமான் வந்ததோடு வேலை முடிந்தது. புத்தகப் பட்டியலுக்கோ, புத்தகம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். 1564-இல் ஆக்ஸ்பர்க் நகரத்துப் புத்தக வியாபாரி கியோர்க் வில்லர், பிராங்க்பர்ட் சந்தைக்கு வந்த நூல்களைப் பட்டியல் போட்டார். சரக்கு விற்கப் போட்டதுதான். இன்று அந்தக் கால அச்சுலகத்தை ஆராய்கிறவர்களுக்கு அதுவே ஆதாரம். ஒன்று மட்டும் கவனம்: சந்தைப் பட்டியலில் பெயர் வந்தும் அச்சேறாமலே போன நூல்களும் உண்டு. நம் பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள். நூலின் பெயர், விலை, தபால் செலவு என்று வரிசையாக இருக்கும். பைண்டிங் செய்யும்போது தயவுசெய்து அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள்.