முறையான வழியாக வாய் திறக்க ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும், குழுவில் அங்கம் வகிக்கும் ஏனைய கனவான்களுக்கும் அநேக நமஸ்காரம்.

சென்ற மாதம் தங்கள் ஸ்தாபனத்தின் லிஃப்ட் வாசலில் ஒட்டப்பட்டிருந்த சுற்றறிக்கையை, லிஃப்ட் இறங்கி வரும் வரையில் வேறு வேலையின்றி நிற்க நேர்ந்த காரணத்தால், அட்சரம் விடாமல் வாசிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. நோயாளிகளின் பாதுகாப்புக்குப் பங்கம் விளைவிக்கக்கூடிய எதையேனும் கண்டால், பெருக்கித் துடைப்பவர் முதல் பிரதம சிகிச்சை நிபுணர் வரையில் யாராயிருந்தாலும் சிறிதும் அச்சமின்றி எடுத்துரைக்கலாம் என்ற அதன் முதல் வாக்கியம் என் நெஞ்சை உருக்கிவிட்டது. உருகிய நெஞ்சு இரண்டாம் வாக்கியத்தில் மறுபடி உறைந்துபோனதற்கு நான் பொறுப்பல்ல. எடுத்துரைப்பவர் தம் பெயர், பதவி, கையொப்பம் ஆகியவற்றுடன் எழுத்து மூலமாக, தம்முடைய பிரிவின் தலைவர் வழியாகவே அதை அனுப்ப வேண்டும் என்றும், விசாரணையில் ஆதாரமற்றது என்று தெரியவந்தால் தக்க நடவடிக்கைக்கு உள்ளாக வேண்டியிருக்கும் என்றும் அங்கே கண்டிருந்தது.

யாரைப் பற்றி ஐயம் எழுந்ததோ அவரே அதைப் பெற்று, அவரே பரிசீலித்து, தமக்கு உசிதமென்று தோன்றினால் அவரே மேலே அனுப்பி வைக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைச் சிந்தித்தவர் சாமானியப் புத்திமான் அல்லர். பேசக்கூடாது என்று உத்தரவு போட்டால் பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள்; பேசலாம் என்று உத்தரவு போட்டுவிட்டு, பேசுவதற்குரிய வழியை மாத்திரம் இவ்விதம் வகுத்துவிட்டால் கேட்பார் கிடையாது. இத்தகைய ராஜதந்திரம் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடுவது தேசத்துக்கு நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, இந்த ஏற்பாடு எவ்வளவு சிறப்பாக நடந்துவருகிறது என்பதற்கு என் கண்ணாற் கண்ட சாட்சியம் ஒன்றைத் தங்கள் சமூகத்தில் சமர்ப்பிக்கிறேன். என் தம்பி தங்கள் வார்டு ஒன்றில் படுத்திருந்தான். அவனுக்குப் பெனிசிலின் ஆகாது. சிறு பிராயத்தில் ஒருமுறை அந்த ஊசி போட்டு முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே மறு ஜன்மம் என்றிருந்தவன். அதை நாங்கள் சொல்ல, கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடும் இழுத்திருந்தார்கள். மறுநாட் காலையில் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் அசிஸ்டென்டுகள், அவர்களுக்குப் பின்னால் பி.ஜி. மாணவர்கள், அவர்களுக்கும் பின்னால் ஹவுஸ் சர்ஜன்கள், எல்லாருக்கும் கடைசியில் கேஸ் ஷீட்டுகளை மார்போடு அணைத்தபடி ஒரு இளம் சிஸ்டர். கூட இருப்பவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்ற விதிப்படி நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

காயத்தைப் பார்த்துவிட்டுச் சீஃப் சொன்ன மருந்து பெனிசிலின் வர்க்கத்தைச் சேர்ந்தது. “சார், கேஸ் ஷீட்டில்…” என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். சீஃப் கோபித்துக்கொள்ளவில்லை, அதட்டவில்லை, அப்படிச் சொன்னால் அவருக்கு அபசாரம் செய்தவனாவேன். கழுத்தை மெதுவாகத் திருப்பி அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். ஹவுஸ் சர்ஜன் ஒருவர் தம் செருப்பின் வாரை ஆராய்ந்தார். அசிஸ்டென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார். சிவப்பு எழுத்து அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. நான் உள்ளே அடியெடுத்து வைப்பதற்கும் வாட்ச்மேன் என் தோளைப் பற்றுவதற்கும் சரியாக இருந்தது.

அந்தப் பெண் வாசலை ஒட்டியிருந்த கண்ணாடி அலமாரிக்கு வந்தாள். அந்த மருந்துக் குப்பிகள் அதில் வரிசையாக நின்றதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கதவைத் திறந்து, கண நேரம் நின்று, மூடிவிட்டுத் திரும்பிப் போய், “ஸ்டாக் தீர்ந்துபோச்சு சார்” என்றாள். “அப்போ வேற ஏதாவது போடுங்க” என்று வேறொரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். என் தம்பி நாளது வரையில் சௌக்கியமாக இருக்கிறான்.

இந்த உத்தியைத் தங்கள் நர்ஸிங் பள்ளியின் பாடத்திட்டத்தில் சேர்க்கலாகாதா என்று கேட்கவே முதலில் பேனாவை எடுத்தேன். ஆனால், விஷயம் அதோடு முடியவில்லை. தங்கள் பார்மஸியில் நான் பின்னர் மருந்து வாங்கப் போனபோது அங்கிருந்தவர் புலம்பித் தீர்த்துவிட்டார். இருப்பு இருந்தும் வார்டுக்கு அனுப்பாத குற்றத்துக்காக அவருக்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்; இன்கிரிமென்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்; அத்துடன், இனிமேல் அம்மருந்துக்குத் தட்டுப்பாடு நேராதிருக்கும் பொருட்டு அதை இரட்டிப்பாகக் கொள்முதல் செய்யவும் உத்தரவாகியிருக்கிறதாம். ஒரு குறை நிர்வாகத்தாரின் செவிக்கு எட்டினால் எத்தனை துரிதமாகக் காரியம் நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு நிதர்சனம் வேண்டுமோ?

தங்கள் கொள்கைக்கு விரோதமாகச் சீமையில் நடந்த சில சம்பவங்களைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அவற்றைத் தாங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம் என்று ஈண்டுக் குறிப்பிடுகிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ராஜாங்க ஆஸ்பத்திரிக்கு 1988ஆம் ஆண்டில் மயக்க மருந்து நிபுணராக வந்து சேர்ந்தார் ஸ்டீபன் போல்சின் என்பவர். குழந்தைகளின் இருதய அறுவைகள் அங்கே மற்ற இடங்களைவிட வெகு நேரம் பிடிப்பதையும், குழந்தைகள் அதிகமாக இறப்பதையும் கண்டு, 1990இல் ஆஸ்பத்திரியின் பிரதம நிர்வாகிக்கே கடிதம் எழுதினார். காரியம் ஆகவில்லை. பிறகு கணக்கு எடுத்தார். கணக்கைப் பலரிடம் காட்டினார். அநாகரிகமானவர் என்று பெயர் எடுத்தார். 1995 ஜனவரியில் 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு அறுவை செய்யலாமா என்று முதல் நாள் மாலையில் கூட்டம் கூடி விவாதித்தார்கள். வேண்டாம் என்றார் போல்சின். செய்யலாம் என்று முடிவாயிற்று. குழந்தை மறுநாள் இறந்துபோயிற்று.

பின்னர் இயன் கென்னடி என்பவர் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2001இல் வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரையில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளில் 30 முதல் 35 பேர், அந்நாட்டின் சராசரியான ஒரு பிரிவில் இறந்திருக்கக்கூடியதற்கும் அதிகப்படியாக அங்கே இறந்தனர் என்று அதில் கண்டிருக்கிறது. அங்கிருந்தவர்கள் துஷ்டர்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. உழைப்பாளிகளே, ஆனால் உள்வட்டத்துக்குள் இருப்பவர் சொன்னால் ஏறும், வெளியே இருப்பவர் சொன்னால் ஏறாது என்ற நிலைமையைத்தான் விஸ்தாரமாக வர்ணித்தது. போல்சினோ அதற்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார். நான் சொல்ல வந்த முக்கிய விஷயம் வேறு. 1998இல் அந்நாட்டு மருத்துவக் கவுன்சில் தன் பதிவேட்டிலிருந்து இருவருடைய பெயர்களை நீக்கியது. ஒருவர் அறுவை நிபுணர். மற்றவர் அந்தக் குழந்தைகளின் மேல் கத்தி வைக்காத, ஆனால் தாமும் மருத்துவராயிருந்த, மேற்படி பிரதம நிர்வாகி. எச்சரிக்கையைச் செவிமடுக்காததே அவர்மேல் ருசுவான குற்றம். தங்கள் குழுவிலும் மருத்துவப் பட்டம் பெற்ற கனவான்கள் சிலர் இருப்பதால் இதைச் சொல்லி வைத்தேன். வேறு உத்தேசம் இல்லை.

இன்னொன்று. 2005 மார்ச் மாதத்தில், அதே இங்கிலாந்தில், எலெய்ன் ப்ரோமிலி என்ற அம்மாள் மூக்கில் சாதாரண அறுவைக்காகச் சென்றார். மயக்க மருந்து கொடுத்ததும் சுவாசக் குழாய் உள்ளே இறங்கவில்லை. நிபுணர்கள் மூவர் நின்று அதே குழாயை மறுபடி மறுபடி செலுத்த முயன்றுகொண்டிருக்க, கழுத்தில் துளையிட்டுச் சுவாசம் தரும் கருவிப் பெட்டி தயாராக இருக்கிறது என்று நர்ஸ் ஒருவர் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து தெரிவித்தார். எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். அவர் போய்ப் படுக்கையை ரத்து செய்தார். அம்மாள் சில தினங்களில் காலமானார். பார்வை ஒன்றினாலேயே படுக்கையை ரத்து செய்விக்கும் வித்தை தங்கள் சீஃபுக்கு மாத்திரம் ஏகபோகமன்று என்பதைத் தாங்கள் அறிந்து ஆறுதல் கொள்ளலாம்.

அந்த அம்மாளின் கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமானி. விமானிகள் இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தவர்கள். 1977இல் டெனரிஃபே தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். எதிரே மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஒரு விமானத்தின் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று அனுபவசாலியான காப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிற்பட்ட வருஷங்களில், கீழே இருப்பவர் கேட்கவும் மேலே இருப்பவர் கேட்டுக்கொள்ளவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாயினர். ஒரு வித்தியாசத்தை மாத்திரம் நாம் மறந்துவிடலாகாது: காப்டன் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார், மருத்துவரோ மேஜைமேல் படுத்திருப்பதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனமும் சும்மா இருக்கவில்லை. அறுவைக்கு முன் தியேட்டரில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது உட்பட, 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை 2008இல் வெளியிட்டது. டில்லி உள்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதை அனுஷ்டித்துப் பார்த்ததில், மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தன. ஒருமுறை தன் பெயரைச் சொல்லிவிட்டவருக்கு இரண்டாம் முறை வாய் திறப்பது சுலபமாகிவிடுகிறதாம். எனவே இது ஆபத்தான பட்டியல். எல்லாக் கட்டங்களிலும் முந்தின நாளே டிக் அடித்து வைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருப்பதாகக் கேள்வி. தங்கள் ஸ்தாபனத்தில் அது ஏற்கெனவே அமலில் இருக்குமானால் என் புத்திமதி தேவைப்படாது.

நான் கண்ட சம்பவத்தின் தேதியையும், வார்டையும், அந்தப் பெண்ணின் பெயரையும் கேட்டு எனக்கு எழுத வேண்டாமென்று வணக்கமாய்க் கேட்டுக்கொள்கிறேன். அவள் செய்தது ஒழுங்கு மீறல் என்பதில் தங்களுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால், அந்தப் பார்மஸிக்காரருக்கு நிறுத்தி வைத்த இன்கிரிமென்டை மாத்திரம் வேறு ஏதாவது ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணம் கற்பிப்பதில் தங்கள் அலுவலகத்துக்குச் சிரமம் நேர்ந்ததாக நான் இதுகாறும் கேள்விப்பட்டதில்லை.

இப்படிக்கு,
தங்கள் ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்த ஒருவனின் தமையன்