ஏர்கன் சார்

ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், மின்வாரியத்தில் மதிப்பீட்டாளர், இப்படி ஏதாவது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர். வீட்டுக் கடனில் பாதி பாக்கி, மகள் பிளஸ் டூ, ரத்தத்தில் சர்க்கரை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. இந்த வயதில் சிலர் பாதயாத்திரை போகிறார்கள், சிலர் மாடியில் தக்காளி போடுகிறார்கள், சிலர் வெண்பா எழுத ஆரம்பிக்கிறார்கள். இவர் ஏர் ரைஃபிள் வாங்குகிறார். "கன் இல்லீங்க, ரைஃபிள். குழலுக்குள்ள முறுக்குப் பள்ளம் இருக்கு" என்று சில மாதம் தெருவைத் திருத்திப் பார்த்தார். தெரு திருந்தவில்லை. ஏர்கன் சார் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நோய் தொற்றுவது பெரும்பாலும் மெரினாவில், இல்லாவிட்டால் பொருட்காட்சியில். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன். பத்துக் குண்டுக்கு ஏழு பலூன் வெடித்துவிடுகிறது. "சார் கை சுத்தம் சார்" என்கிறான் கடைக்காரப் பையன். அவன் அதை எல்லோரிடமும்தான் சொல்கிறான், கண் தெரியாத தாத்தாவிடம்கூட. ஆனால் நம்மவர் மனசில் அது தைத்துவிடுகிறது. அன்றிரவே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கிய வீடியோவைத் தேடிப் பிடித்து மூன்று முறை பார்க்கிறார். பலூன் ஒரு சாண் அகலம், எட்டடி தூரம். ஒலிம்பிக் அட்டையில் பத்து மதிப்பெண் தருகிற புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர், தூரம் பத்து மீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அவர் ஒரே இரவில் தள்ளுபடி செய்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தை உடைக்கும்போது அவர் எடுத்த ஆயுதம் சட்டம். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம்.

"லைசென்ஸே வேண்டாமாம்மா" என்றார், ஏதோ விலையே வேண்டாம் என்று சொன்ன தோரணையில்.

"மூணு வருஷமா ஃப்ரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன். அதுக்குக்கூடத்தான் லைசென்ஸ் வேண்டாம்" என்றார் அம்மையார்.

இருந்தாலும் வாங்கினார். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷூட்ஸ் என்று ஒலிம்பிக்காரர்கள் தோளில் வைக்கும் ஜெர்மன் ரைஃபிள்களுக்கு விலை லட்சங்களில். உள்நாட்டுத் தயாரிப்புகள் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு மாதச் சம்பளத்தை முறைத்துப் பார்க்கும். ஆகவே இரண்டாம் கை. முதல் சொந்தக்காரர் யார், அதை வைத்து என்ன செய்தார் என்பது தெரியாது. கட்டையில் ஒரு விரிசல், அதில் ஃபெவிகால். முன் சைட் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. "சரியாப் பழகிட்டா அதுவே ஒரு அட்வான்டேஜ் சார்" என்றார் விற்றவர். சீட்டுப் பணம் கை மாறியது. ஃப்ரிட்ஜுக்குப் புதுக் கயிறு வந்தது.

இது ஸ்பிரிங் ரைஃபிள். குழலை மடக்கிக் கீழே அழுத்தினால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை நெருக்கிக்கொண்டு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். டிரிகரைத் தொட்டால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நசுக்கும், காற்று பெல்லட்டைத் தள்ளும். இதில் உதை இரண்டு உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் போய் முட்டியதும் துப்பாக்கி முன்னே போகும். இவ்வளவும் நடந்து முடிகிறவரை பெல்லட் குழலை விட்டுப் போயிருக்காது. அதனால் இதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது; கையில் சும்மா படுத்திருக்க விட வேண்டும். ஏர்கன் சார் இதை யார் வந்தாலும் விளக்குவார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் உட்பட. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் மட்டும் உயிருள்ள விரால் மீனைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பார்.

பெல்லட் போடாமல் சும்மா சுடவும் கூடாது. எதிரே தாங்குவதற்குக் காற்றில்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் போய்விடும். அது அவருக்குத் தெரிந்தது ஸ்பிரிங் போன பிறகு. புது ஸ்பிரிங் போட்ட கையோடு, "வழவழன்னு ஓடட்டும்" என்று தையல் மிஷின் எண்ணெயைக் காற்றறைக்குள் நாலு சொட்டு விட்டார். நசுங்கும் காற்று சூடாகும், சூட்டில் எண்ணெய் பற்றும். டீசல் எஞ்சின் ஓடுவதே இந்த ஒரு தத்துவத்தில்தான். முதல் குண்டுக்கே பெரிய சத்தம், குழல் நுனியில் புகை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். மறு வாரம் இன்னொரு சீல் தேவைப்பட்டது.

அடுத்த பிரச்சினை இடம். பத்து மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 33 அடி. வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை டேப் பிடித்தால் இருபத்தொன்பதுதான் வந்தது. "பிந்த்ராவுக்கு அவங்க அப்பா வீட்லயே ரேஞ்ச் கட்டிக் கொடுத்தார், தெரியுமா?" என்று தன் அப்பாவின் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி மொட்டை மாடிக்குப் போனார். முதலில் நினைத்த திசையில் தாசில்தாரின் சின்டெக்ஸ் டேங்க் இருந்தது. மாடிப்படி அறையின் குருட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோலமாவில் ஒரு கோடு. அதுதான் நிற்கும் இடம். எதிரே பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் நாலு செங்கல், அதன்மேல் பலகைப் பெட்டி. அட்டையின் நடு 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, செங்கல் அதற்காக. பெட்டிக்குள் பழைய வேட்டிகளைத் திணித்து, முன்னால் தீபாவளி மலர் ஒன்றை வைத்தார். பழைய மலர்களில் பெல்லட் சிறுகதைகளைத் தாண்டி ராசிபலனோடு நின்றுவிடும். இப்போது வருகிற மலர்களில் நிற்பதில்லை என்று அவருக்கு வருத்தம். பத்திரிகைத் துறையின் சரிவை இவ்வளவு துல்லியமாக அளந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மிச்சம் பிடிப்பதில் அவருடைய மேதைமையைப் பார்க்க வேண்டுமானால் அட்டை விஷயத்தைப் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் டார்கெட் அட்டை அளவான கனத்தில் இருக்கும். தட்டைத் தலை பெல்லட் பட்டால் பஞ்சிங் மெஷினில் குத்திய மாதிரி வட்ட ஓட்டை விழும். ஜெராக்ஸ் பேப்பரில் அடித்தால் கிழிசல்தான். ஓட்டை கோட்டைத் தொட்டால்கூட உள் வட்டத்து மதிப்பெண் கிடைக்கும் என்பதால் கிழிசலை வைத்துக்கொண்டு தன்னோடு தானே வழக்காட வேண்டியிருந்தது. யோசித்தார். கல்யாணப் பத்திரிகை! நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை, செலவு மொய் மட்டும். அது எப்படியும் எழுத வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போய், 45.5 மில்லிமீட்டர் வெளி வட்டம், உள்ளே 30.5 மில்லிமீட்டருக்குக் கறுப்பு, வட்டத்துக்குள் வட்டம் என்று படம் போட்டுக் கொடுத்தார்.

"ரவுண்டு சீலா? எந்தச் சங்கம் சார்?"

"சங்கம் இல்லப்பா. வெறும் வட்டம்தான்."

"பேர் போடலைன்னாலும் பதிவு எண்ணாவது போட்டுக்குங்க சார். பின்னாடி பிரச்சினை வரும்."

அன்றிலிருந்து முகூர்த்த மாதங்களில் அவருக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை. 'தங்கள் நல்வரவை விரும்பும்' உறவினர்கள் அத்தனை பேரின் முதுகிலும் சராசரி ஆறரை வீதம் சுட்டுத் தள்ளினார். ஆடியிலும் மார்கழியிலும்தான் கஷ்டம், யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் மாமியார் வடாம் காயப்போடுவார். மாடி அவர் கைக்குப் போய்விடும். பெல்லட் என்பது ஈயம், ஈயம் தொட்ட கை வடாம் பக்கம் வரக் கூடாது என்பதில் மாமியாருக்கும் மருத்துவ அறிவியலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை. மீதி மாதங்களில் ஸ்பிரிங் ரிப்பேர்.

ஷூட்டிங் ஜாக்கெட் கதையும் இப்படித்தான். போட்டிக்காரர்கள் போடுவது கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான கோட்டு. உடம்பு ஆடாமல் பிடித்து வைக்கும். ஆயிரக்கணக்கில் விலை. இவர் லாரி தார்ப்பாய்த் துண்டு வாங்கிக்கொண்டு தெரு டெய்லரிடம் போனார். இரண்டு ஊசி உடைந்தது, தைத்து முடிந்தது. போட்டுப் பார்த்தார்.

"சார், கையைத் தூக்கவே முடியாதே?"

"அதுக்குத்தாம்பா."

"குனியவும் முடியாதே சார்."

"அதுக்கும்தான்."

டெய்லரின் தையல் வாழ்க்கையில், பிடிக்கிறது என்று குறை சொல்லாத ஒரே வாடிக்கையாளர் இவர்தான். மே மாத மொட்டை மாடியில் தார்ப்பாய் கோட்டோடு நின்று தலைசுற்றி உட்கார்ந்தபோது, சோடாவுக்கும் ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆன செலவைக் கூட்டினால் நிஜ ஜாக்கெட்டின் ஒரு கை வந்திருக்கும். மொத்தக் கணக்கும் இதே லட்சணம்தான். துப்பாக்கிக்குக் கொடுத்ததைவிட, துப்பாக்கியில் மிச்சம் பிடிப்பதற்குக் கொடுத்தது அதிகம். சுட்ட ஈயத்தை வேட்டி மூட்டையிலிருந்து பொறுக்கிச் சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போனார். ஒரு பெல்லட் அரை கிராமுக்குச் சற்று மேல். ஐநூறு கொண்ட டப்பா முழுவதையும் சேர்த்தாலும் கால் கிலோவும் கொசுறும்தான். கடைக்காரர் தராசை எடுக்கவேயில்லை.

தெருவுக்கு இவர்மேல் வேறு எதிர்பார்ப்புகள். குரங்கு வந்தால் இவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கிளி கொய்யாவைக் கொத்தினாலும் தட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஏர்கன் சாரை நான் மனசாரப் பாராட்டுவேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, "அட்டையைத் தவிர எதையும் சுட மாட்டேன்" என்று ஒரே பேச்சில் அனுப்பிவிடுவார். "அட்டையையே சுட வரலியே" என்று தாசில்தார் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

ஒருநாள் பீட் கான்ஸ்டபிள் வந்தார். ஏர்கன் சார் சட்டைப் பையிலிருந்து லேமினேஷன் செய்த விதிமுறை நகலை எடுத்து நீட்டினார். இந்தத் தருணத்துக்காகத்தான் லேமினேஷனே. கான்ஸ்டபிள் படித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு சுட்டுப் பார்க்கட்டுமா சார்?" என்றார். சுட்டார். ஒன்பது. "முன் சைட் லேசா இடது சார்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். அந்த அட்டையை ஏர்கன் சார் கணக்கில் சேர்க்கவில்லை.

போட்டிக்கும் போனார். இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் தொடங்கியது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர்தான் அதன் முதல் தலைவர் என்பதைப் போகிற பஸ்ஸிலேயே பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லி முடித்துவிட்டார். சாதாரண ரைஃபிள்காரர்களுக்கென்று 'ஓபன் சைட்' பிரிவு உண்டு. நாற்பது குண்டு, நானூறு மதிப்பெண். பக்கத்துத் தடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ரெட்டைச் சடை, கிளப் ரைஃபிள். அவள் ஒரு குண்டு சுடுமுன் அரை நிமிஷம் சிலையாக நிற்கிறாள். சரியில்லை என்றால் சுடாமலே இறக்கி வைத்துவிடுகிறாள். ஏர்கன் சார் எடுத்த குறியைச் சுடாமல் விட்டதே இல்லை; மடக்கிய ஸ்பிரிங் வீணாகும் என்பது அவர் கட்சி. அவளுக்கு 368. இவருக்கு 271, கடைசியிலிருந்து மூன்றாவது. கடைசி இருவரில் ஒருவருக்கு டிரிகர் உடைந்தது, மற்றவர் வரவேயில்லை.

"இளவேனில் வாலறிவன் கடலூர்ல பிறந்த பொண்ணு. ககன் நரங் சென்னையில பிறந்தவர். நம்ம மண்ணுலயே அது இருக்கு" என்று திரும்பி வந்து சொன்னார். ஒருவர் குஜராத்திலும் மற்றவர் ஹைதராபாத்திலும் வளர்ந்தவர்கள் என்பதை நான் நினைவூட்டவில்லை. இப்போது அவர் பேச்சு முழுக்க பி.சி.பி. ரைஃபிள். டப்பாவுக்குள் முன்கூட்டியே காற்றை அடைத்து வைப்பது, உதை கிடையாது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம், இதில் 200 பார். அதற்கான கைப்பம்பின் விலையைக் கேட்டுவிட்டுக் கேஸ் வெல்டிங் பட்டறைச் சிலிண்டர் பக்கம் நடமாடிக்கொண்டிருக்கிறார். யாராவது தடுத்து நிறுத்துவது நல்லது.

உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால், முதலில் மாவட்ட ரைஃபிள் கிளப்புக்குப் போங்கள். பல இடங்களில் கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம். கண்ணுக்குக் கண்ணாடி, சுட்டபின் கைக்கு சோப்பு, பின்னால் கெட்டிச் சுவர், இவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த விளையாட்டில் அதிகம் பலன் தருவது அசையாமல் நிற்கப் பழகுவது. அதற்குக் காசும் கிடையாது. சுவரில் ஒரு புள்ளி வைத்து, மடக்காத ரைஃபிளைத் தினம் இருபது நிமிஷம் தூக்கிப் பிடித்தால் போதும். ஏர்கன் சாருக்கும் இது தெரியும், நேரம்தான் இல்லை என்கிறார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஆடி நெருங்குகிறது. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் அவரிடம் கொடுங்கள். மினுமினுப்பு அட்டை வேண்டாம், ஸ்டாம்ப் மை பிடிக்காது.