விமன் செல் மேடம்

தனியார் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியல் மேடம், காமர்ஸ் மேடம், கணக்கு மேடம் என்று பலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெண்கள் பிரிவான விமன் செல்லைப் பார்த்துக்கொள்ளும் விமன் செல் மேடமாகவும் இருந்தாக வேண்டும். இந்தப் பதவிக்கு நேர்காணலும் இல்லை, சம்பளமும் இல்லை. ஜூன் மாத ஸ்டாஃப் மீட்டிங்கில் பொறுப்புகளைப் பிரிக்கும்போது யார் லீவில் இருக்கிறாரோ அவர் தலையில் விழும். பிரசவ விடுப்பில் இருப்பவர் என்றால் இன்னும் பொருத்தம் என்று முதல்வர் நினைப்பார்.

பிப்ரவரி கடைசி வாரம் வரைக்கும் மேடத்தை யாரும் தேட மாட்டார்கள். அப்புறம் திடீரென்று எல்லாருக்கும் அவர் வேண்டும். மார்ச் 8, மகளிர் தினம் வருகிறதே! கோலப்போட்டி, மெஹந்திப்போட்டி, அடுப்பில்லாச் சமையல் என்று சர்குலர் போகும். பெண்ணைச் சமையலிலிருந்து விடுவித்தாயிற்றா என்றால் இல்லை, அடுப்பை மட்டும் எடுத்தாயிற்று.

மேடத்துக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் மனத்தில் வேறு தலைப்பு இருக்கும். பாலினம், பாலீர்ப்பு பற்றி விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் பேச வைக்க வேண்டும் என்று தாளோடு முதல்வர் அறைக்குப் போவார். முதல்வர் தாளைப் படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார்.

“நல்ல டாபிக்தான் மேடம். ஆனா பேரண்ட்ஸ் கேப்பாங்களே?”

“சார், தன்பாலீர்ப்பைக் குற்றம்னு சொன்ன 377-ஐ சுப்ரீம் கோர்ட்டே 2018-ல மாத்திடுச்சு. பாலினம், பாலீர்ப்பு பத்தின வார்த்தையெல்லாம் 2022-ல தமிழ்நாடு அரசு கெஜட்லயே போட்டாச்சு.”

“கவர்மெண்ட் வேற, மேனேஜ்மெண்ட் வேறம்மா.”

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் பாலீர்ப்பு சம்பந்தமான வழக்கு ஒன்றை விசாரித்தபோது, தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். மேடம் அதையும் எடுத்துச் சொல்வார். “அவர் ஜட்ஜ். நமக்கு யுனிட் டெஸ்ட் இருக்கு” என்று பதில் வரும். தலைப்பு முதலில் ‘பாலினச் சமத்துவம்’ ஆகும். மாலைக்குள் ‘பெண்கள் நலம்’ ஆகும். பிளெக்ஸ் அச்சாகி வரும்போது ‘ஆளுமை மேம்பாடு’ என்று இருக்கும். பேச வருபவர் ஒரு மகப்பேறு மருத்துவர். ரத்தசோகை, முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை. ஆண் மாணவர்களை அதற்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆளுமை அவர்களுக்கு ஏற்கெனவே மேம்பட்டுவிட்டது போலும்.

விழா அன்று ஊதா நிறப் புடவைகளால் அரங்கம் நிறையும். முன்வரிசையில் இருப்பவர்கள் விருப்பத்தோடு வந்தவர்கள், மற்றவர்கள் வகுப்புக்குப் போகாமலே வருகை போடும் ஓ.டி. கிடைக்கும் என்று வந்தவர்கள். தொகுப்புரை மாணவி இணையத்தில் எடுத்த வரலாற்றை ஒப்பிப்பாள். 1910-இல் கோபன்ஹேகனில் கிளாரா ஜெட்கின் மகளிர் தினத்தை முன்மொழிந்தது; 1917-இல் இதே நாளில் பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது; ஒரு வாரத்தில் ஜார் மன்னர் முடி துறந்தது. கரஸ்பாண்டென்ட் மேடையில் பலமாகக் கைதட்டுவார். துப்புரவுப் பணிப்பெண்கள் சம்பள உயர்வு கேட்டுக் கொடுத்த மனு அப்போது அவர் மேசையில்தான் இருக்கும். பிறகு மைக்கைப் பிடித்து, பெண்கள் நாட்டின் கண்கள் என்று தொடங்குவார். முடிக்க நாற்பது நிமிடம் ஆகும்.

இவ்வளவுக்கும் நடுவில் மேடத்தின் கண் கேமராவில் இருக்கும். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கு ஜியோ டேக் போட்ட போட்டோ வேண்டும். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் படத்திலேயே தெரிய வேண்டும். ஒருமுறை ஜி.பி.எஸ். தடுமாறி, குத்துவிளக்கு ஏற்றும் காட்சி பக்கத்து ஊர் டாஸ்மாக் வாசலில் நடந்ததாகப் பதிவாகிவிட்டது. விளக்கை அணைத்து மறுபடி ஏற்றினார்கள். கைதட்டலும் மறுபடி நடந்தது. இரண்டாவது கைதட்டல் இன்னும் இயல்பாக வந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பார்த்து மேடத்தைக் காகிதப் புலி என்று எடைபோட்டுவிடக் கூடாது. நுழைவாயிலில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவின் பலகை ஒன்று தொங்கும். அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மாணவர் பிரதிநிதிகள் மூவரைத் தேர்தல் வைத்து எடுக்க வேண்டும் என்கிறது யு.ஜி.சி.யின் 2015 விதி. இங்கே போட்டோ எடுக்கும்போது வராந்தாவில் நின்றவர்கள் மூவர். புகார்ப் பெட்டியின் சாவி ஆபீஸ் சூப்பிரண்டெண்ட்டிடம். ஆகவே யாரும் பெட்டியில் போட மாட்டார்கள். லேபுக்கு வெளியே மேடத்துக்காகக் காத்திருப்பார்கள்.

அப்படி ஒருத்தி வந்து, ஒரு பேராசிரியர் இரவில் அனுப்பும் மெசேஜ்களைக் காட்டினாள். “பொண்ணோட எதிர்காலத்தை யோசிங்கம்மா, பேசி முடிச்சிடலாம்” என்றார் முதல்வர். மேடம் வாதாடவில்லை, கண்ணீர் விடவில்லை. “சார், விசாரணைய தொண்ணூறு நாள்ல முடிக்கணும். முடிக்கலன்னா யு.ஜி.சி. கிராண்ட நிறுத்தலாம். செப்டம்பர்ல நாக் வருது” என்றார். மறுநாளே குழு கூடியது. வெளி உறுப்பினர் வந்தார். சாவியும் கிடைத்தது. பெண்கள் நாட்டின் கண்கள் என்பதற்கு அசையாத நிர்வாகம் ஒரு தரச்சான்று எழுத்துக்கு அசையும் என்பதை அவர் போல அறிந்தவர் அந்த வளாகத்தில் வேறு யாரும் இல்லை. அத்தனை ஆண்டு ஃபைல் சுமந்தது வீண்போகவில்லை.

மார்ச் மாதம் உங்களுக்கும் இப்படி ஒரு மேடத்திடமிருந்து அழைப்பு வரலாம். போய்ப் பேசிவிட்டு வாருங்கள். சால்வையும் நினைவுப்பரிசும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமன் செல்லுக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது. அது அவர் கைக்காசு.