டபராவும் தலைகீழ் மச்சினனும்

தமிழ்நாட்டில் யாரிடம் தாளையும் பென்சிலையும் நீட்டி "ஒரு படம் போடுங்க" என்றாலும் வருவது ஒரே ஊர்தான். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், மலையிலிருந்து குடிசை வாசல்வரை இறங்கி வரும் ஆறு, பக்கத்தில் வளைந்த தென்னை, மேலே நாலைந்து பறவைகள். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத நாகப்பட்டினத்துப் பிள்ளைகளும் இதைத்தான் வரைகிறார்கள். அந்த ஊருக்கு யாரும் போனதில்லை. வழி மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற நம்மவரும் அந்த ஊர்க்காரர்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் கை வரைந்த ஒரே கோட்டோவியம் அவருடைய கையெழுத்து. ஓய்வுக்குப் பிறகு மேற்கு மாம்பலம் வீட்டில் செய்தித்தாளை இரண்டாம் முறை படித்து முடித்த ஒரு காலையில், ஓவியம் கற்பதென்று தீர்மானித்தார்.

வயதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வான்கோ ஓவியராவதென்று முடிவெடுத்தது 1880-ல், 27 வயதில். அதன் பிறகும் பயிற்சிப் புத்தகத்துப் படங்களைப் பள்ளிப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்ப நகலெடுத்துத்தான் கை பழகினார். ஜப்பானிய ஓவியர் ஹோகுசாய் இன்னும் ஆறுதலானவர். எழுபதுக்கு முன் தான் வரைந்த எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும், நூற்றுப் பத்து வயதில்தான் தன் ஒவ்வொரு கோடும் உயிர்பெறும் என்றும் 1834-ல் வெளியான ஃபூஜி மலைப் படத்தொகுதியில் எழுதிவைத்தார். இதில் நம்மவர் தம் வசதிக்கு எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும்: எழுபதுவரை எவ்வளவு கிறுக்கினாலும் கணக்கில் வராது.

கலை எப்போதும் கடையில்தான் தொடங்குகிறது. 6எச் முதல் 8பி வரை ஒரு முழுப் பெட்டி பென்சில் வீட்டுக்கு வந்தது. இந்த எழுத்துகளின் பின்னால் ஒரு போரே இருக்கிறது. பிரிட்டனோடு சண்டை மூண்டதால் பிரான்சுக்கு நல்ல கிராஃபைட் வருவது நின்றுபோக, நிக்கோலா ஜாக் கோன்ட்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டு 1795-ல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் குச்சி கடினமாகி வெளிறிய கோடு விழும்; அது எச். குறைந்தால் மென்மையாகிக் கறுப்பாக இழையும், அது பி. பழகுகிறவனுக்கு ஒரு எச்பி, ஒரு 2பி, ஒரு 6பி போதும். மிச்சமெல்லாம் கடைக்காரர் பிழைக்க. 6எச்-ஐ மனைவி எடுத்து மளிகைச் சீட்டு எழுதியனுப்ப, கடைக்காரர் அதை வெயிலில் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது.

முதல் மாடல், டபராவில் நிற்கும் காபி டம்ளர். எளிய பொருள் என்று நினைத்தவர் அன்றே மாட்டிக்கொண்டார். வாய் வட்டம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வட்டமாகப் போட்டார். டபரா மேசைமேல் தட்டையாக உட்கார்ந்திருப்பதும் தெரியும். அதனால் அடியில் நேர்கோடு இழுத்தார். படத்தில் டம்ளர் நம்மை நோக்கிக் கவிழ்ந்து, காபி மடியில் கொட்டுகிற நிலையில் இருந்தது. உண்மையில், உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த வட்டம் நசுங்கிய நீள்வட்டமாகத்தான் தெரியும். கண் மட்டத்திலிருந்து கீழே போகப்போக நீள்வட்டம் அகலும் என்பதால், டம்ளர் வாயைவிட டபராவின் அடி வளைவு கூடுதல் உருண்டையாக இருக்கும். கண் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் பார்க்கிறது. மூளைதான் குறுக்கே வந்து "எனக்குத் தெரியும், தள்ளு" என்கிறது. இரண்டு மலை ஊரும் மூளை எழுதிக்கொடுத்த முகவரிதான்.

"ஏங்க, ஆறிப்போச்சு. குடிச்சிட்டு வரையக் கூடாதா?"

"குடிச்சா மட்டம் இறங்கிடும்."

காபி நிஜமாகவே மாடலாகிவிட்ட வீட்டில், உண்மையான ஓவியர் யாரென்பதை நம்மவர் தாமதமாகத்தான் கவனித்தார். விடியுமுன் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, ஒரே இழையில் சிக்குக் கோலத்தைச் சுற்றிக்கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்கிற மனைவி, ரப்பர் என்ற பொருளைத் தொட்டதே இல்லை. அந்தக் கோலங்களின் இலக்கணத்தை எழுபதுகளில் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி கணிதமாகவே ஆராய்ந்தார். நம்மவர் ஒருநாள் கோலப்பொடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பால்காரர் அவர் போட்ட கோலத்தைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போனார், மரியாதையால் அல்ல. என்னவோ கொட்டிக் கிடக்கிறதென்று.

அசையும் மனிதர்களை வரையவேண்டும் என்று புத்தகங்கள் சொல்ல, மின்சார ரயிலில் ஏறினார். முழங்கைவரை வரைந்ததும் கோடம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். இறங்காதவர்கள், "என்ன சார் குறிக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். அதனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே நடராஜர் ஒரு காலைத் தூக்கியபடியே நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறார், கேள்வி கேட்பதில்லை. சிற்பங்களின் முன் உட்கார்ந்து கற்பது நல்ல வழிதான். கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளை வரைந்து விகடன் வாசகர்களின் வீட்டுக்குக் கொண்டுவந்த சில்பியின் வாழ்க்கையே அதுதான். நம்மவரின் நடராஜருக்கு மட்டும் திருவாசி முட்டை வடிவில் வந்தது. டபராவில் கற்ற பாடத்தை வேண்டாத இடத்தில் செலவழித்துவிட்டார்.

பிறகு முகம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சினனைப் பிடித்து உட்காரவைத்தார். கண், தலையின் உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் இருக்கிறது. யாரும் நம்புவதில்லை, ஸ்கேல் வைத்து அளந்தால் ஒழிய. கண், மூக்கு, வாய் என்று சுவாரசியமெல்லாம் கீழே இருப்பதால் மண்டையை நாம் சுருக்கிவிடுகிறோம். நம்மவர் கண்ணை நெற்றியில் வைத்தார். மச்சினன் படத்தைப் பார்த்துவிட்டு, பாயசம் வேண்டாமென்று கிளம்பிப் போனான்.

அமெரிக்க ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் எழுதிய புத்தகம் அப்போதுதான் கைக்கு வந்தது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ வரைந்த கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுக்கச் சொல்கிறார் அவர். கவிழ்ந்த முகத்தில் "இது மூக்கு" என்று மூளை பெயர் சொல்லாது. கோடும் சாய்வும் இடைவெளியும்தான் மிஞ்சும். மூளையின் வலது, இடது என்று அவர் சொல்லும் விளக்கம் அறிவியலில் அவ்வளவாக நிற்கவில்லை. பயிற்சி மட்டும் நிற்கிறது, தலைகீழாக.

பிக்காசோவுக்குப் பதில் மச்சினனின் புகைப்படத்தைத் தலைகீழாகச் சுவரில் குத்திவைத்து, நம்மவர் எதிரே சம்மணமிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் உள்ளே வந்தார்.

"ஐயோ, என் பிள்ளையைக் கவுத்துப் போட்டு மாப்பிள்ளை என்னமோ மந்திரம் பண்றாரே!"

வீட்டில் சூடம் கொளுத்தப்பட்டது. எலுமிச்சை அறுபட்டது. இந்த அமளி ஓய்ந்தபின் தாளை நிமிர்த்திப் பார்த்தால், அதில் மச்சினன் இருந்தான். அவனேதான். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அவங்கப்பா மூக்கு அப்படியே வந்திருக்கு" என்றார். உடனே ஆள் அனுப்பி அவனை வரவழைத்தார்கள்.

அவன் நெடுநேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மாமா. முடியை மட்டும் கொஞ்சம் சேர்த்துப் போட்டுடுங்களேன்."

கண்ணில் படுவதை மட்டும் வரைவதென்ற கொள்கையை நம்மவர் விளக்க ஆரம்பித்தார். மாமியார் தொண்டையைக் கனைத்தார். நம்மவர் பெட்டியைத் திறந்து 6எச்-ஐ எடுத்து, மச்சினன் கேட்ட அத்தனை முடியையும் வஞ்சனையில்லாமல் வரைந்து கொடுத்தார்.